குளத்துக் கீரையின் மண்குறிப்பு

நினைவுநாக்கின் தொப்பியை அண்ணன் தலையில் மாட்டி, காதோரப் பட்டையை இறுக்கிவிட்டு, "இப்ப அம்மாவோட கீரைக்கடைசலை மட்டும் நெனைங்கண்ணா. வேற எதையும் நெனைக்காதீங்க" என்றாள் சுகன்யா. நந்தகுமார் கண்ணை மூடினார். அறுபத்தைந்து வயது மனுஷன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி எச்சில் விழுங்கினார்.

சுகன்யாவுக்கு அறுபத்தொன்று. இந்த வயதுக்காரிக்குச் சுகன்யா என்று பேரா என்று சிரிக்க வேண்டாம். 2058-இல் முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறவர்களெல்லாம் சுகன்யாக்களும் பிரியாக்களும்தான். கோயம்புத்தூர் சுவை மீட்பகத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆள் நினைக்கிற ருசியை நினைவுநாக்கு என்கிற கருவி மூளையிலிருந்து படித்து, அந்த ருசி விளைய எப்படிப்பட்ட மண் வேண்டும் என்று ஒரு மண்குறிப்பு எழுதும். அதைப் பார்த்து விளைபெட்டி மண்ணைக் கலந்து, நாலே நாளில் கீரையோ கத்தரிக்காயோ விளைத்துக் கையில் கொடுத்துவிடும்.

கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கடைக் காய்கறியெல்லாம் இருபது வருஷமாகச் சுத்திகரித்த மண்ணில்தான் விளைகிறது. பார்க்க லட்சணம், வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. அதனால் ஒருவர் மாமியார் வீட்டு முள்ளங்கி சாம்பாரைத் தேடி வருவார், இன்னொருவர் சாயப்பட்டறைப் பின்பக்கம் விளைந்த தக்காளியைக் கேட்டு அடம்பிடிப்பார். இப்படி நாலாயிரம் பேருக்கு ருசியை மீட்டுக் கொடுத்தவள், அந்தத் தொப்பியைத் தன் தலையில் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை.

இன்றைக்கு வந்திருப்பது சொந்த அண்ணன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கையில் கட்டிய வடிவளை நாள் முழுக்க ரத்தத்தை வடிகட்டிக்கொண்டிருந்தது, பத்தியம்கூடக் கிடையாது. தங்கச்சி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லி, எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. ஆனால் ஆள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஆறு வாரத்தில் மூன்று கிலோ ஏறாவிட்டால் கத்தியை எடுக்க மாட்டேன் என்று டாக்டர் நசீமா கறாராகச் சொல்லிவிட்டார். இவரோ எதை வைத்தாலும் ரெண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார். நாக்கு செத்துப் போச்சு, அம்மா கடைசல் கெடச்சா ஒரு சட்டி திம்பேன் என்று புலம்பினார்.

அவர் நினைக்க நினைக்கச் சுகன்யாவுக்கும் அது கண்முன்னே வந்தது. குளத்தோரத் தகரக் கூரை வீடு. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் அம்மா குளக்கரைப் பாத்தியில் ஒரு மடி சிறுகீரை பறித்து வருவாள். முலாம் பட்டறைகளின் சாக்கடை அங்கேதான் குளத்தில் இறங்கும். தண்ணீர் சில நாள் மயில் கழுத்து நிறத்தில் மினுங்கும், அண்ணனும் தங்கையும் ஓடிப்போய் வேடிக்கை பார்ப்பார்கள். ஊரிலேயே அங்கே விளைகிற கீரைதான் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கும். அம்மா ஏழு தண்ணீரில் அலசுவாள். மண் நறநறவென்று பல்லில் பட்டால் அவளுக்கு ஆகாது. பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு மத்தால் கடையும்போது தெருவே மணக்கும். அந்த நாளெல்லாம் இனி எங்கே வரப்போகிறது!

மண்குறிப்பு வந்தது. முழுக்கச் சிவப்பு. காட்மியம், அனுமதித்த அளவைப்போல் பத்தொன்பது மடங்கு. நிக்கல், ஆறு மடங்கு. இந்த மண்ணைக் கலக்க அனுமதி இல்லை.

சிவப்புக் குறிப்பு அவளுக்குப் புதிதல்ல. அடிக்கடி வரும். உலோகத்தைக் கழித்துவிட்டு, முக்கால்வாசி ருசியில் ஒன்றை விளைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவாள். வேரில் உலோகம் ஏறினால் செடி தவித்துப் போகும். தவிக்கிற செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதேதோ சாறு சுரக்கும். அந்தச் சாறுதான் அடிநாக்கில் ஒரு கசப்பும் இனிப்புமாக நிற்கிறது. இதெல்லாம் பயிற்சி வகுப்பில் படித்ததுதான். சொந்தச் சட்டியில் வந்து விழுந்தபோதுதான், இதுவரை எத்தனை பேருக்குச் சிவப்பு வந்தது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

அன்றைக்கே பழைய சிவப்புக் குறிப்புகளையெல்லாம் எடுத்து ஊர்ப் படத்தில் பொருத்திப் பார்த்தாள். ஆயிரத்து முந்நூறு. குளம், சாக்கடை ஓரம், பட்டறைப் பின்பக்கம். ஊர் ஜனம் எந்தெந்த ருசிக்காக உருகி உருகி வந்ததோ, அதில் மூன்றில் ஒரு பங்கு விஷத்தில் விளைந்தது. படத்தைப் பார்த்த டாக்டர் நசீமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் வருஷக்கணக்கில் இறங்காது, உங்கள் அண்ணன் விஷயம் இதுதான் என்றார். பிறகு சந்தேகமாக அவளைப் பார்த்தார்.

"நீங்களும் அதே வீட்டுலதான வளந்தீங்க? உங்க கிட்னி இருவது வயசுப் பொண்ணோடது மாதிரி இருக்கே."

சுகன்யா நேரே மீட்பகத்துக்குத் திரும்பினாள். கதவைச் சாத்திக்கொண்டு, தொப்பியைத் தன் தலையில் மாட்டி, அதே கடைசலை நினைத்தாள். கருவி ரொம்ப நேரம் யோசித்தது. கடைசியில், சோறு, உப்பு, சட்டியின் அடிப்பற்று, கீரை மிகச் சொற்பம் என்று எழுதியது.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மா அண்ணன் தட்டில் ரெண்டு கரண்டி கடைசல் ஊற்றுவாள். அவன் ஒல்லி, தேறட்டும் என்பாள். பிறகு காலிச் சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு, வழித்துப் பிசைந்து இவள் தட்டில் வைப்பாள். இவள் கேட்டால், பொம்பளப் புள்ளைக்கு என்ன இத்தனை நாக்கு என்று ஒரு அதட்டல். இந்த ஓரவஞ்சனையை ஐம்பது வருஷமாக மனசில் வைத்துக் குமைந்தவள், தொப்பியைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

நாலாம் நாள் உலோகம் கழித்த கீரையைக் கடைந்து எடுத்துப்போனாள். நந்தகுமார் ஆசையாக ஒரு வாய் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அம்மா செஞ்சதில்ல."

தட்டு நகர்ந்தது. சொல்லக்கூடாது என்றுதான் வந்திருந்தாள். ஆனால் இன்னும் மூன்று கிலோவும் ஏறவில்லையே! குளம், காட்மியம், ஆயிரத்து முந்நூறு குறிப்பு, தன் தலையில் மாட்டிய தொப்பி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அவர் கையிலிருந்த வடிவளையைத் திருகினார். "அம்மாவத் தப்பா நெனச்சுடாத கண்ணு. அவளுக்கு என்ன தெரியும்? ஏழு தண்ணியில அலசுனாளே" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உனக்கு இல்லாமத்தான் எனக்கு ஊத்துறான்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் தின்னேன்" என்றார்.

"அதனாலதாண்ணா உங்களுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணு நல்லதா இருக்குது. சாப்பிடுங்க."

நந்தகுமார் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கீரையில் பாதியை வழித்து அவள் முன்னால் வைத்துவிட்டு, மீதியைப் பிசைந்து ஒவ்வொரு வாயாக உள்ளே தள்ளினார். ருசிக்காக அல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆறு வாரத்தில் மூன்றரைக் கிலோ ஏறியது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

ரெண்டு மாதம் கழித்துச் சுகன்யா வேலைக்குத் திரும்பினாள். அந்த ஊர்ப் படத்தை வைத்துச் சுகாதாரத் துறை வீடுவீடாக ஆள் அனுப்பிச் சிறுநீர் சோதித்துக்கொண்டிருந்தது. மீட்பகத்தில் கூட்டமும் மாறிவிட்டது. வருகிறவர்கள் இப்போது கீரை கேட்பதில்லை, தொப்பியை மாட்டிக்கொண்டு, சின்ன வயதில் என் தட்டில் என்ன போட்டார்கள் என்று கேட்டார்கள். சிவப்புக் குறிப்புகளை ஒன்று விடாமல் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். முள்ளங்கி போனது, தக்காளி போனது, ஆயிரத்து முந்நூறு பேருடைய உயிருக்குயிரான ருசி மத்தியானத்துக்குள் காலியானது.

கடைசியில் அண்ணனுடையது நின்றது. அழிக்கவா என்று விளைபெட்டி கேட்டது. அந்த மண் என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. இடுப்பில் தையல் இன்னும் இழுத்தது. ஆனாலும் அம்மா கையால் அந்த ரெண்டு கரண்டி தன் தட்டில் ஒருநாளாவது விழுந்திருக்கக்கூடாதா என்று அவளுக்கு வயிறெரிந்தது. அழிக்கவா என்று பெட்டி மறுபடி கேட்டது.

வேண்டாம் என்பதைத் தொட்டாள்.