ஒரு படி தவிடு

அடுப்படி மூலையில் இருந்த கூடைக்குள் கையை விட்டாள் இந்திராணி. தவிடு நனைந்திருந்தது.

ஓடு ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு சொட்டு இல்லை. கூடையின் விளிம்பும் காய்ந்தே கிடந்தது. அடியில், ஏழு முட்டைகளும் பதிந்திருந்த இடத்தில் மட்டும்தான் ஈரம். விரலை முகர்ந்து பார்த்தாள். ஏரிச்சேற்று வாடை அடித்தது. நேற்றும் இப்படித்தான் இருந்தது. குழந்தை மூத்திரம் பெய்துவிட்டது என்று நேற்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்று குழந்தை தூளியை விட்டு இறங்கவேயில்லை.

முட்டைகளுக்காகச் சந்தையில் வாங்கி வந்த அடைக்கோழி இரண்டே நாள்தான் உட்கார்ந்தது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் முறைப்படி கூடைக்குள் போட்டு வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கோழி கொக்கரித்துக்கொண்டு எழுந்து ஓடிக் கொல்லைச்சுவரில் ஏறியது, அதன் பிறகு வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கே முட்டைகள் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் கோழி போய் எட்டு நாளாகியும், ஒவ்வொன்றும் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டுக்கொண்டிருந்தது.

இந்திராணி முட்டாள் இல்லை. பயந்துபோனவள், அவ்வளவுதான். அவளுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் பதினோராம் மாதத்தில் போய்விட்டன. தூளியில் கிடப்பது மூன்றாவது, பெண் குழந்தை. வருகிற வெள்ளிக்கிழமை அதற்குப் பத்து மாதம் முடிந்து பதினொன்று பிறக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிறையப் பெற்று எதையும் பறிகொடுக்காத ஒருத்தியிடம் பிள்ளையைக் கிடத்தி, இது உன் பிள்ளை என்று சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையாகத் தூக்கி வர வேண்டும். வாங்கிய பிள்ளையைச் சாவு கேட்டுக்கொண்டு வராது.

பக்கத்து வீட்டுப் பெரியநாயகி ஏழு பெற்று ஏழையும் கல்லாட்டம் வைத்திருந்தாள். அவளிடம்தான் போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது பிள்ளை போனபோது, "அவ பாலுல இன்னாவோ இருக்குது" என்று அந்த அம்மாள் யாரிடமோ சொன்னது இந்திராணியின் காதில் விழுந்திருந்தது. அந்த வாசலில் போய் நிற்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இந்த ரோஷம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

பத்து நாளைக்கு முன்பு, குழந்தையை இடுப்பிலும் தவிட்டுக்கூடையைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். போன வருஷம் அங்கே ஒரு காட்டு வாத்து குஞ்சுகளை வரிசையாக ஓட்டிப்போனதைப் பார்த்திருந்தாள். அந்த வாத்தே போதும், அது ஊர்ப்பேச்சு பேசாது என்பது அவள் கணக்கு. கோரைப்புல்லுக்குள் அது அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டும் பறக்கவில்லை. குழந்தையை அதன் பக்கத்தில் கிடத்தி, "இது உன் புள்ளைமா. எனக்கு இல்ல" என்றாள். வாத்து தலையைச் சாய்த்துக் குழந்தையை நெடுநேரம் பார்த்தது. அப்போது இடி இடித்தது. வாத்து எழும்பி அக்கரைக்குப் போனது, திரும்பவேயில்லை. மழை பிடித்து, கூட்டுக்குள் தண்ணீர் ஏறியது. தாய் விட்டுப்போன முட்டைகளைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஏழையும் எடுத்துக் கூடையில் வைத்து, குழந்தையை வாரிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து குழந்தை பாலுக்கு அழவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் உள்ளங்கால் எப்போதும் சில்லென்று இருந்தது. நேற்று மாலை முட்டைக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டபோது, தூளிக்குள்ளிருந்து நாக்கைத் தட்டி டிக் என்று பதில் சொன்னது. கணவன் குமாரவேலிடம் சொன்னால் சிரிப்பான். அவனும் ஊரில் இல்லை. ஐப்பசி மழையில் முன்கட்டுத் தறிக்குழிக்குள் ஊற்றெடுத்து, காலை வைத்து மிதிக்க முடியாமல் போகவே, பாதிச் சேலையை அப்படியே விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தான்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முறம் கேட்டு வந்த பெரியநாயகி கூடையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னாம்மா, தவிட்டுல முட்டை வெச்சிக்கினு கீற?"

இந்திராணிக்கு வீம்பு வந்தது. "புள்ளைய வித்து வாங்கியாந்துட்டேன்கா. ஏரிக்கரை வாத்தாண்ட. அது முட்டைதான் இது."

பெரியநாயகி சிரிக்கவில்லை. கூடையையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தவிட்ட எங்க கொட்டின?"

இந்திராணி கூடையைத் திரும்பிப் பார்த்தாள். முட்டைக்கு மெத்தையாகி, தலையில் ஏறி, அவளோடேயே வீடு வந்து சேர்ந்த தவிடு கண்ணெதிரே நனைந்து கிடந்தது.

"குடுத்தியே தவிர வாங்கலியேமா" என்றாள் பெரியநாயகி, மெல்ல. "அதும் முட்டைய வேற தூக்கியாந்துட்ட."

"அக்கா, இந்தத் தவிடு ஈரமா கீதே."

"இது வாணாம். எங்கூட்ல கீது, ஒரு படி அளந்து தரேன். புள்ளையத் தூக்கிக்கினு இப்பவே ஏரிக்கரைக்கு ஓடு."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுதானே என்று அதைத் தூளியிலேயே விட்டுவிட்டு இருவரும் போனார்கள். பெரியநாயகி படியைத் தேடி எடுத்துத் தவிட்டை அளப்பதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. இந்திராணி முந்தானையில் தவிட்டை வாங்கிக்கொண்டு தனியே ஓடி வந்தாள்.

அடுப்படி அமைதியாக இருந்தது. கூடைக்குள் ஓடுகள் மட்டும் கிடந்தன. ஏழும் சரிபாதியாகப் பிளந்திருந்தன. கூடையிலிருந்து சின்னச் சின்ன ஈரத்தடங்கள், வரிசையாக, தூளி வரைக்கும் போயிருந்தன. தூளி கனமில்லாமல் தொங்கியது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அங்கிருந்து தடங்கள் முன்கட்டுக்குப் போயின, கடைசியில் ஒரு ஜோடி உள்ளங்கையும் முழங்காலும்.

தடக்.

முன்கட்டில் தறி ஓடியது.

தடக். தடக்.

பலகையில் யாரும் இல்லை. பாவு மேலும் கீழும் ஏறி இறங்கியது. குழி தரைமட்டத்துக்கு நிறைந்திருந்தது. அதன் அடியில் மிதிகட்டைகளை ஏதோ மிதித்துக்கொண்டிருந்தது. காலையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. மண்டியிட்டுத் தோள்வரை கையை விட்டாள். தரை தட்டவில்லை.

"பாப்பா."

தறி நின்றது.

"இந்தா தவிடு. குடுத்துட்டேன். எம்புள்ளையக் குடு." முந்தானையை உதறினாள். தவிடு தண்ணீரில் பரவியது.

பாவுக்கு அடியிலிருந்து குஞ்சுகள் நீந்தி வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஏழு. தவிட்டைக் கொத்தின. அவற்றின் பின்னால் தண்ணீர் மேடாக எழும்பியது. தலைமுடி. நெற்றி. சிமிட்டாத கண்கள். உதட்டைக் குவித்து, கன்னத்தைத் தண்ணீரோடு சாய்த்து, குழந்தை தவிட்டை உறிஞ்சிக்கொண்டே வந்தது. நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு போனது.

"அம்மா கீறேன்டி. இங்க பாரு."

பார்க்கவில்லை.

கொல்லைப்பக்கம் பெரிய இறக்கைகள் மழையை உதறும் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு வெளியே, தாழ்ந்த குரலில், ஒரே ஓர் அழைப்பு.

குழிக்குள் எட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.