முன் சீட்டுச் சட்டம்

அந்தப் பள்ளி வேனில் முன் சீட்டு ஒன்றே ஒன்றுதான். அதற்காகப் பிள்ளைகள் தினமும் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். டிரைவர் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். வாரம் ஒருவர் முறை வைத்து முன்னால் உட்காரலாம். உட்காருகிறவர் வேனுக்கு ஒரு சட்டமும் போடலாம்.

சண்டை நின்றுவிட்டது. ஆனால் போட்ட சட்டம் எப்போது முடியும் என்று சொல்ல அண்ணன் மறந்துவிட்டார். அதனால் ஒரு சட்டம்கூட முடியவில்லை.

வேனிலேயே உயரமான பையனுக்கு ஒட்டகம் என்று பெயர். தலைமுடி கலைகிறதாம், அதனால் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டான். கண்ணாடிக்காரிக்கு விடுகதை என்றாலே வேப்பங்காய். அதற்கும் தடை வந்தது. எட்டாம் வகுப்பு அக்கா, முன்னால் இருப்பவரைப் பென்சிலால் குத்தக் கூடாது என்றாள். வேனுக்குள் எல்லாரும் வியர்த்து வழிந்துகொண்டு, பேச ஒன்றுமில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த முறை கடுகுக்கு வந்தது. ஆள் சின்னவள், பேச்சு மட்டும் காரம், அதனால் அந்தப் பெயர். அவளுக்கு ஒரே ஒரு தொல்லைதான். ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பொடியன், வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு பாட்டை முனகிக்கொண்டே வருவான். தினமும் அதே பாட்டு. காதுக்குள் வண்டு புகுந்ததுபோல இருக்கும் அவளுக்கு.

"இனிமே வேன்ல யாரும் முனகக் கூடாது" என்றாள் கடுகு. எல்லாரும் கைதட்டினார்கள். பொடியன் மட்டும் தட்டவில்லை.

அன்று வேன் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது அவன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். வேனில் சத்தமே இல்லை. கடுகுக்கு அது சுகமாக இருந்தது.

மறுநாள் பொடியன் வேனில் ஏறவில்லை. வீட்டு கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா இழுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு ரொட்டிக் கடையில் வேலை. அடுப்பு அணைவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"பாலம்னா இவனுக்குப் பயம் தம்பி" என்று அவர் டிரைவர் அண்ணனிடம் சொன்னார். "முனகிட்டே போனா பயம் தெரியாதுன்னு அவங்கப்பா சொல்லிக்குடுத்தார். இப்போ அது கூடாதாமே. இவன் வேன்ல வரலைன்னா பள்ளிக்கூடத்துக்கே வர முடியாது. கொண்டுபோய் விட எனக்கு வேற ஆள் இல்ல."

முன் சீட்டில் இருந்த கடுகின் காதில் அது விழுந்தது. தனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அவள் தடை போட்டாள். அதனால் இன்னொருவன் பள்ளிக்கூடமே போக முடியாமல் போகும் என்று அவள் நினைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"என் சட்டத்தை நானே எடுத்துடறேன்" என்றாள்.

உடனே ஒட்டகம் எழுந்தான். சட்டம் என்றால் சட்டம்தான், அவளுக்கு ஒரு நியாயம் மற்றவர்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டான். பாதிப் பேர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

கடுகு ஒட்டகத்தின் பக்கம் திரும்பினாள். "சரி, ஜன்னலைத் திறந்தா உனக்கு எங்க வலிக்குது?" என்று அவனிடமே கேட்டாள்.

"வலிக்கலை. முடி கலையுது."

"அப்போ உனக்கு வேண்டியது சீப்பு. சட்டம் இல்ல."

வேனே சிரித்தது. ஒட்டகத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. விடை தெரியாமல் விழித்தால் எல்லாரும் கேலி செய்கிறார்கள், அது தனக்கு வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அதுவும் நிஜம்தானே என்று கடுகுக்குத் தோன்றியது. அப்படியானால் கேலிக்குத் தடை போடுவோம், விடுகதை பாவம், அது என்ன செய்தது என்றாள். கண்ணாடிக்காரி தலையாட்டினாள். அக்கா, பென்சில் குத்திய தழும்பைக் கையில் காட்டினாள். அந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பிடிக்காததுக்கெல்லாம் தடை போட்டா, கடைசியில வேன்ல மூச்சு விடறது மட்டும்தான் மிஞ்சும்" என்றாள் கடுகு.

"அதையும் மெதுவா விடுன்னு எவனாவது ஒருத்தன் சொல்வான்" என்று அலுத்துக்கொண்டார் டிரைவர் அண்ணன்.

கடுகு இறங்கி கேட் பக்கம் போனாள். முனகலாம், வா என்றாள். பொடியன் நம்பவில்லை.

"உனக்குத்தான் பிடிக்காதே?"

"பிடிக்காதுதான். அதுக்கு நீ என்ன பண்ணுவ? வா."

அவன் கம்பியை விட்டான். அம்மா அவன் தலையைத் தடவிவிட்டு ரொட்டிக் கடைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். கடுகு முன் சீட்டுக்குப் போகாமல் பின்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல்கள் திறந்தன. காற்று உள்ளே வந்தது.

பாலம் வந்தது. பொடியன் முனக ஆரம்பித்தான். அதே பாட்டு, அதே மூக்கு. கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு பாலம் முடியும்வரை கேட்டாள். இன்னமும் அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"உனக்கு வேற பாட்டே தெரியாதா?" என்று கேட்டாள்.

"இன்னொண்ணு தெரியும். ஆனா அது இதைவிட மோசமா இருக்கும்."

"அப்போ இதையே பாடு" என்றாள் கடுகு.