ஒன்றேகால் மணி நேரத் தூரம்

“கிளம்பிட்டேன் அக்கா” என்று விமானியான தம்பி ரேடியோவில் சொல்லி, அவள் ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள், விமானம் வந்து இறங்கிவிட்டது.

அதெப்படி முடியும்? அவன் கிளம்பிய சின்ன விமான நிலையத்துக்கும் அவள் வேலை பார்க்கும் இந்தச் சின்ன விமான நிலையத்துக்கும் நடுவில் மலைகளும், மலைகளைத் தாண்டினால் ஈ காக்கை இல்லாத வெட்டவெளியும் கிடந்தன. காற்று பின்னாலிருந்து தள்ளினாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாத தூரம். வெயிலில் இளகிய தாரின் வாசம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடி அறைக்குள் கனத்து நிற்க, ஜன்னல் சட்டங்கள் மெல்ல அதிர்ந்து அடங்க, அவள் கீழே பார்த்தாள். அதே வெள்ளை விமானம். இடது இறக்கையில் தம்பி தன் கையால் பூசிய கோணல் பச்சைப் பட்டை. ஓடுபாதையின் நடுவில் விசிறி ஓய்ந்து நின்றது.

அவளைத் தவிர அங்கிருந்த ஒரே ஆள் தீயணைப்புக்காரர், எல்லோருக்கும் மாமா. கீழேயிருந்து கத்தினார். “என்னம்மா, உன் தம்பி ராக்கெட்டுல வந்துட்டானா?”

“பசின்னா அவன் பறந்துதான் வருவான் மாமா!” என்றாள். சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவர் விமானத்தை நோக்கி நடந்தார். அவள் மைக்கை அழுத்தினாள். “டேய், இறங்கினா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

இரைச்சல். பிறகு அவன் குரல். “இறங்கறதா? இன்னும் மலையே வரல. பட்டப்பகல்லயே கனவா?” குரலுக்குப் பின்னால் எஞ்சின் சீராக உறுமிக்கொண்டிருந்தது.

பைனாகுலரை எடுத்தாள். பயணிகளின் ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் சிவப்பாக இருந்தன. சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடி மட்டும் சுத்தமாக இருந்தது. அதன் பின்னால் விமானியின் இருக்கை காலி.

“மாமா! கதவைத் திறக்காதீங்க!”

திறந்துவிட்டார். உள்ளிருந்து நீண்ட ஒரு கை அவர் தலைமுடியைப் பற்றி இழுத்தது. கதவு அவர் தொடைமேல் அறைந்து மூடிக்கொண்டது. திறந்தது. மறுபடியும் மூடிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் கோபுரம் வரை கேட்டது. கால் மட்டும் வெளியே விழுந்தது, பூட்ஸோடு.

அவர் அலறல் நெடுநேரம் நிற்கவில்லை.

“டேய்... உன் பின்னாடி யார்டா இருக்காங்க?”

“ஆறு பேரு. ஏறினதுல இருந்து பேச்சு மூச்சே இல்ல. நல்ல ஜனங்க. ஏன், அழறியா?”

“திரும்பிடு. எங்கயாவது இறக்கிடு. இப்பவே!”

“எங்க இறக்கறது? கீழ பாறைதான். திரும்பிப் போனாலும் கால் மணி நேரம் ஆகும்.” கொஞ்சம் நிறுத்தினான். “இரு, நடுக்கதவை யாரோ தட்டறாங்க.”

“திறக்காதேடா! தாழ்ப்பாளைப் போடு!”

“தண்ணி கேப்பாங்கக்கா. நீ வேற.”

தாழ்ப்பாள் விலகியது. அந்தச் சத்தம் அவளுக்கு ரேடியோவில் கேட்டது.

“அண்ணே, என்ன இது, கைய எடு...”

ஈரமான ஒரு சத்தம். இன்னொன்று. தம்பி “அக்கா” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

கீழே, ஓடுபாதையில், சுத்தமாக இருந்த முன்கண்ணாடி ஒரே வீச்சில் சிவந்தது.

எஞ்சின் மட்டும் ரேடியோவில் உறுமிக்கொண்டே இருந்தது.

பிறகு ஓர் உள்ளங்கை அந்தச் சிவப்பை உள்ளிருந்து வட்டமாக, பொறுமையாகத் துடைத்தது. துடைத்த இடத்தில் ஒரு முகம் வந்து ஒட்டியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஆறு முகங்களும் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தன.