இரண்டு இட்லியின் ஆயுள்

“இரண்டு இட்லி வந்து சேர்ந்தது. சரியாக மெல்லப்படவில்லை,” என்றது சம்யுக்தாவின் வளையல்.

“அவசரத்துல தின்னா அப்படித்தான்,” என்றபடி அவள் சட்னி விரலைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டுநர் இல்லாத வண்டி திருச்சிப் புறவழிச்சாலையில் போய்க்கொண்டிருந்தது.

எல்லோர் வயிற்றிலும் ஒரு வேவுமணி இருந்த காலம் அது. மிளகளவுதான். ஒருமுறை விழுங்கினால் இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்ளே நடப்பதையெல்லாம் வளையலுக்குச் சொல்லும். வயிற்றுப்புண்ணும் புற்றும் அதனால்தான் ஒழிந்தன. அறுபது தாண்டியவர்களுக்கு வளையல் வாய்விட்டே பேசும். அடக்கிவைக்கச் சட்டம் இடம் தராது. சம்யுக்தாவுக்குப் போன மாதம்தான் அறுபது முடிந்திருந்தது.

“விருந்துக்குப் போறப்போ எதுக்குடி இட்லி?” என்றார் கணவர் முகுந்தன்.

“வெண்மதி இலை போடுவா. ‘இப்பதான் சாப்பிட்டோம்’னு சொன்னா இது காட்டிக் குடுத்துடுமே! வயித்துல ஏதாவது இருந்தா அது பொய் இல்ல பாருங்க.”

“அத்தனை வருஷம் ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டு. இன்னுமா சாதி பாக்கறே?”

“யாரு பாக்கறா? பழக்கம் இல்ல, அவ்வளவுதான். நீங்க மட்டும் அங்க கை நனைச்சிருக்கீங்களா?”

முகுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெண்மதியின் புது வீட்டில் பால் காய்ச்சவே வெகுநேரம் ஆயிற்று. சீர் கொண்டுவர வேண்டிய அவள் அண்ணன் எங்கோ வழியில் மாட்டிக்கொண்டார். வந்தவர்கள் காத்திருந்தார்கள். இட்லிக்குக் காத்திருக்கத் தெரியாது. எச்சில் பட்டபோதே உடையத் தொடங்கிய மாவு, இரைப்பையில் கடையப்பட்டுக் கூழாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பந்தி விரித்தார்கள். வெண்மதியே வந்து கையைப் பிடித்தாள்.

“வா சம்யு. உனக்குன்னே நாட்டுக்கோழிக் குழம்பு. நானே வெச்சேன்.”

“ஐயோ, வயித்துல இடமே இல்லடி! வர்ற வழியிலதான்…”

“இரைப்பை காலி,” என்றது வளையல். “குழம்பு மணத்துக்கு அமிலம் சுரக்கத் தொடங்கிவிட்டது. உடனே உணவு கொள்க.”

பந்தியே திரும்பிப் பார்த்தது.

“வயிறு நல்ல வயிறுதான் போல,” என்றாள் இலை முன்னால் இருந்த ஒரு கிழவி. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“இந்த வளையலுங்க இப்படித்தான் உளறும்,” என்றாள் வெண்மதி சட்டென்று. “என்னோடது நேத்து வெந்நீரைப் பாயசம்னுச்சு. நீ உக்காரு.”

தனக்காக அவள் சொன்ன பொய், வளையல் சொன்ன உண்மையைவிடச் சுட்டது. சம்யுக்தா உட்கார்ந்தாள். பிசைந்தாள். குழம்பு அருமையாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. முகமும் காதும் எரிந்தன.

“இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. உணவைச் சோதிக்கிறேன்.”

இடக்கை வளையலை அவசரமாக முந்தானைக்குள் மறைத்தாள். உள்ளிருந்தும் அது தெளிவாகவே பேசியது. “கெட்டது எதுவும் இல்லை. உணவில் குறை இல்லை.”

வெண்மதி குழம்புக் கரண்டியோடு குனிந்தாள். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“மூடாத, விடு. இது பேச ஆரம்பிச்சது போன மாசம்தானே? அதுக்கு முன்னாடி லைட்டு எரியும். காலி வயித்துக்குச் சிவப்பு. நான் டிபன் பாக்ஸை நீட்டினப்பல்லாம், ‘இப்பதான் சாப்பிட்டேன்’பே. அந்தச் சிவப்பைப் பாத்துக்கிட்டேதான் மூடி வெப்பேன்.”

சம்யுக்தா குனிந்தபடி இலையில் சோற்றை அளைந்தாள்.

“சரி, அது கெடக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்தவா, போதுமா?”

உண்மையிலேயே போதும். இனி ஒரு பருக்கை இறங்காது. அதைச் சொல்லத்தான் சம்யுக்தா நிமிர்ந்தாள்.

வெண்மதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வளையலைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.