வாழைக்குருத்துப் பச்சை

சுவரில் பூசிப் பார்த்த மூன்று பச்சைத் திட்டுகளும் மத்தியானத்துக்குள் காய்ந்து வெளுத்துவிட்டன. நடுத்திட்டில் மட்டும், தரையில் உட்கார்ந்தவரின் தலை உயரத்தில், தேங்காய்மூடி அகலத்துக்கு ஓர் இடம் ஈரமாகவே நின்றது.

குணசுந்தரி பார்க்காமல் இல்லை. ஆனால் அவள் மனசு நின்றதும் அந்த நடுத்திட்டில்தான். வாழைக்குருத்தின் நிறம். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை மேனேஜர் வீட்டுப் பச்சைக் கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, அன்றிலிருந்து நீலம் கலந்த வெள்ளைச் சுவரைக் கண்டால் சோறு இறங்கவில்லையாம். ஏழு வருஷம் ஏறாத கோயில் ஏறிப் பெற்ற பெண் குழந்தை. பள்ளிப்பட்டுத் தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் தூக்கி வந்தாயிற்று. புதிதாக வாடகைக்கு வந்த இந்த வீட்டில் தூளி கட்டக் கொக்கிகூடத் தயாராக இருந்தது. குழந்தை கண் விழித்தால் இளம்பச்சைதான் தெரிய வேண்டும் என்றாள். குழந்தை கேட்டதாகத் தெரியவில்லை.

மேனேஜர் வீட்டுக்கும் சுண்ணாம்படித்த குப்பன் ஈரத்தைத் தொட்டு விரலை மோந்தான்.

"தலை எண்ணெம்மா. முன்ன இங்க இருந்த செல்லியம்மா இந்த எடத்துலதான் சாஞ்சிக்கினு தூளி ஆட்டும்."

"அவங்களுக்குக் கொழந்த ஏது? இல்லன்னுதானே வீட்டுக்காரர் சொன்னாரு."

"கொழந்த இல்லம்மா. தூளிதான் இருந்திச்சி." துண்டில் விரலைத் துடைத்தான். "சாஞ்சாப்பலயே உசுரு போயிடிச்சி. சொரண்டி, சவுக்காரம் போட்டுக் கழுவி, காயவுட்டுத்தான் அடிக்கணும். இல்லாங்காட்டி கறை மேல வந்துரும்."

"பொங்கலுக்கு மூணு நாளுதான் கீது. மேனேஜர் ஊட்லயும் இப்டித்தான் சொரண்டிக்கினு இருந்தியா?"

"அங்க யாரும் சாஞ்சிக்கலியேம்மா."

வேலையை இழுக்கப் பயம் காட்டுகிறான் என்று அவளுக்குக் கோபம். சுரண்டாமலே அடிக்கச் சொன்னாள்.

பொங்கலன்று தெருவே வந்து பார்த்தது. வயிற்றெரிச்சலில் பாதிப் பேர் சர்க்கரைப் பொங்கலை மீதம் வைத்தார்கள். காணும் பொங்கல் கழிந்து, புருஷன் பரசுராமன் ஆலைக்குப் போன பிறகு கறை வந்தது. வட்டமாக, மினுமினுப்பாக. அதன்மேல் காலண்டரை மாட்டினாள். மறுநாள் காலண்டருக்குப் பக்கத்தில் வந்தது. தூளி இருந்த பக்கம், ஒரு சாண் தள்ளி.

"சுண்ணாம்பு வேர்க்குதுடி," என்றான் பரசுராமன். "அதப் போயி பேஜாரா நெனச்சிக்கினு."

வேர்வையில், வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் எங்கிருந்து வரும்? அவள் வீட்டில் தலைக்கு விளக்கெண்ணெயைத் தவிர வேறெண்ணெய் கிடையாது.

மூன்றாம் நாள் இன்னொரு சாண். நான்காம் நாள், கறை தூளிக்கு நேர் பின்னால்.

மத்தியான ரயில் ஆந்திராப் பக்கம் போய், தண்டவாளத்தின் அதிர்வு தரையிலிருந்து மெல்ல வடிந்து, தெருவில் நாய்கூடக் குரைக்காத அந்த வெயில் நேரத்தில், தூளியில் குழந்தை தூங்க, குணசுந்தரி தோசைத்திருப்பியை எடுத்துவந்து தூளிக்கு முதுகுகாட்டிக் குந்தி, தானே கறையைச் சுரண்ட ஆரம்பித்தாள். அவள் ஆசைப்பட்டு அடித்த பச்சை பொருக்காக உதிர்ந்தது. அதன்கீழ் நீலம் கலந்த பழைய வெள்ளை. அதையும் சுரண்டினாள்.

அதன்கீழ் வாழைக்குருத்துப் பச்சை.

அவள் தேர்ந்த அதே பச்சை. வருஷக்கணக்காகக் காய்ந்தது. இன்னொருத்தி ஒரு தூளிக்காகத் தேர்ந்தது.

கை நின்றது. சுரண்டும் சத்தமும் நின்றது. முதுகுக்குப் பின்னால் கொக்கி கிரீச்சிட்டது. மறுபடி. நிதானமாக. ஆட்டிப் பழகிய கை.

சுவரைப் பார்த்தாள். கறை இல்லை. எங்கும் இல்லை. சுவர் முழுக்கக் காய்ந்திருந்தது.

வாசம் மட்டும் இருந்தது. கிட்டத்தில்.

திரும்பினாள்.

இடுப்பளவு உயரத்தில் கட்டிய தூளி, கனம் தாங்காமல் தரையை உரசிக்கொண்டு ஆடியது. குழந்தை சிணுங்கவில்லை. இழுபட்ட துணியில் அதன் சின்னத் தலை புடைப்பாகத் தெரிந்தது. அதோடு ஒட்டினாற்போல் இன்னொரு தலை, தேங்காய்மூடி அகலத்துக்கு. துணியில் அந்த இடத்திலிருந்து எண்ணெய் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.