நீட்டிவிட்ட கால்

சக்கர நாற்காலியின் பிடியை அக்கா விடவேயில்லை. ஸ்கேன் மையத்தின் வாசலில் ஊழியர் தள்ள வந்தபோதுகூட, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் அவளுடைய தங்கை, கல்லூரி ஆசிரியை. தலையில் கட்டு. வலது முட்டி வீங்கிப் பளபளத்தது. முந்தின நாள் காலை வீட்டு மாடிப்படியில் விழுந்தவள். அந்தக் காலைப்பொழுதே அவள் நினைவில் இல்லை.

ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு மையத்தில் 'அவசரம்' என்று பெயர். எதையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பாள். ஒரு வேலையில் மட்டும் நிதானம் தவற மாட்டாள். கூட வந்தவர்கள் சொல்வதை, சொன்ன வார்த்தையிலேயே படிவத்தில் எழுதி நேரமும் போடுவாள். பெரிய டாக்டரின் கண்டிப்பு அது.

அக்கா அவளைத் தாழ்வாரத்து மூலைக்கு இழுத்துப் போனாள்.

"நாலு மணிக்கு டிஸ்சார்ஜ். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா இவ உயிரோட இருக்க மாட்டாம்மா."

விழுந்தபோது வீட்டில் இருந்தது புருஷன் ஒருத்தன்தானாம். அவன் தள்ளியிருக்கிறான் என்று ஸ்கேனில் தெரிந்தால் போதும், தங்கையைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவாள். தான் தகவல் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்துதான் அவளைப் பார்த்தாளாம். முட்டியைப் பற்றி அவசரம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முட்டிச்சில்லு வெளிப்பக்கமா போய், தொடை ஓரத்துல ஏறி நின்னுச்சு. பார்க்கவே வயித்தைக் கலக்குச்சு."

அவசரம் அப்படியே எழுதினாள். நேரம் பத்து இருபது.

திரைக்குப் பின்னால் உடை மாற்றிவிடும்போது தங்கையின் இடது தோளில் விரல் அகலத்துக்குச் சிவந்த கோடு ஒன்று தெரிந்தது. வார் இறுகிய தடம்.

"என் பையை யாராவது பார்த்தீங்களா?" என்றாள் தங்கை.

"அது எதுக்கு இப்போ? வீட்லதான் இருக்கும்." பதில் திரைக்கு வெளியிலிருந்து வந்தது. அவ்வளவு பக்கத்தில் அக்கா நிற்பது அவசரத்துக்கு அதுவரை தெரியாது.

அரை மணி நேரம் இயந்திரம் சுத்தியல் அடிப்பதுபோல் இடித்தது. அந்த அரை மணியும் அக்கா கண்ணாடி ஜன்னலை விட்டு நகரவில்லை. அசையாமல் படுத்திருந்த தங்கையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசம் என்றுதான் அவசரம் நினைத்தாள்.

பெரிய டாக்டர் பகல் முழுவதும் இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்க்கிற அம்மாள். 'ஆந்தை' என்று மையமே கூப்பிடுவது அவருக்கும் தெரியும். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சில்லு விலகியிருக்கு. விலகினது திரும்ப உள்ளேயும் வந்துடுச்சு."

"இடத்துலதானே இருக்கு, மேடம்? விலகினது எப்படித் தெரியுது?"

டாக்டர் இரண்டு வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். ஒன்று சில்லின் உள்விளிம்பில். மற்றொன்று தொடையெலும்பின் வெளிவிளிம்பில். "ரெண்டு வண்டி உரசினா ரெண்டுலயும் கீறல் விழுமில்ல, அந்த மாதிரி. சில்லு வெளியே போய்த் திரும்பும்போது எலும்போட இடிச்சிருக்கு. உள்பக்கத் தசைநாரும் கிழிஞ்சிருக்கு."

சில்லு உட்காரும் பள்ளம் பிறவியிலேயே ஆழமில்லை என்றார். அதனால் சட்டென்று நழுவும். ஆனால் பழைய தேய்மானம் எதுவும் இல்லை. நழுவியது இதுதான் முதல் தடவை. முட்டியின் முன்பக்கத்தில் அடியே இல்லை.

"அப்போ புருஷன்தான் தள்ளியிருக்கான்," என்றாள் அவசரம்.

"தள்ளினா முன்னாடி போய் விழுவாங்க. இது அப்படியில்லை. வலது பாதம் படியில ஊனி நிக்க, உடம்பு இடப்பக்கமா திரும்பியிருக்கு. அப்பதான் இப்படி நழுவும்."

அவசரத்துக்குத் தோளில் பார்த்த கோடு நினைவுக்கு வந்தது. சொன்னாள். டாக்டர் படிவத்தைக் கேட்டு வாங்கினார். ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு போன். புருஷனுக்கு ஒரு போன்.

மூன்றரை மணிக்கு அந்த இருட்டறையில் ஐந்து பேர். புருஷன் சுவரோரம் நின்றான். குளித்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டதாகவும், ஈரத்தோடு ஓடிவந்தபோது மனைவி படிக்கு அடியில் கிடந்ததாகவும் சொன்னான். வாசல் கதவு திறந்திருந்ததாம். பை அங்கே இல்லையாம்.

"பையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு கவர். பரீட்சையில பிட் வச்சிருந்த பொண்ணு மேல ரிப்போர்ட். சொந்தக்காரப் பொண்ணு, அதான் கஷ்டமா இருக்குன்னு ராத்திரி பூரா தூங்கலை. யாருன்னு என்கிட்டகூடச் சொல்லலை."

நாற்காலிப் பிடியில் அக்காவின் விரல்கள் இறுகின.

"நீங்க பார்க்கும்போது கால் எப்படி இருந்துச்சு?"

"நேரா நீட்டியிருந்துச்சு. கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்."

டாக்டர் அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "இவரும் நேரான காலைத்தான் பார்த்தார். ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் பார்த்தாங்க. தசைநார் கிழிஞ்சிருக்கலாம்னு சந்தேகப்பட்டு இங்க அனுப்பினாங்க. சில்லு வெளியே போச்சுங்கறது படம் எடுத்தப்புறம்தான் எனக்கே தெரியும். நீங்க பத்து இருபதுக்கே சொல்லிட்டீங்க."

"சும்மா... ஒரு யூகத்துல..."

"எந்தப் பக்கம் போச்சு, எங்க நின்னுச்சுன்னு சொல்லியிருக்கீங்க. வயித்தைக் கலக்குச்சுன்னும் சொல்லியிருக்கீங்க. யூகம் வயித்தைக் கலக்காது. முட்டி மடங்கியிருக்கற வரைக்கும்தான் சில்லு வெளியே நிக்கும். காலை நீட்டினா உள்ளே போயிடும். மடங்கின காலைப் பார்த்தது ஒருத்தர்தான். இடது தோள்ல பையைப் பிடிச்சு இழுத்தவர்."

டாக்டர் படிவத்தை மேசைமேல் வைத்தார்.

"நினைவு ரெண்டொரு நாள்ல திரும்பலாம். திரும்பும்போது இவங்க உங்க வீட்டுல இருக்கணும். அதுக்குத்தானே என் ரிப்போர்ட் வேணும்னீங்க? அப்புறம் என்ன செய்யறதா இருந்தீங்க?"

அக்கா டாக்டர் பக்கம் திரும்பவேயில்லை. தங்கையின் தலைக்கட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"என் பொண்ணு படிப்பே போயிடும்னு கெஞ்சினேன்டி. காதுல வாங்காம இறங்கிப் போனே. கவரைத்தான் பிடுங்கப் பார்த்தேன். நீ விழுவேன்னு நினைக்கலை." வீங்கிய முட்டியைப் பார்த்தாள். "காலை நீட்டிவிட்டது நான்தான். அப்படியே விட்டா வலிக்குமேன்னு."

தங்கை திரும்பாமலே கேட்டாள். "நீட்டிவிட்டே. சரி. மண்டையில ரத்தம் வந்ததையும் பார்த்திருப்பே. அவரை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே. பையை எடுத்துக்கிட்டு ஏன்க்கா போனே?"

நாற்காலியின் பிடியிலிருந்து கை மெதுவாக விலகியது. கறுப்பு ரப்பரில் ஐந்து விரல்களின் வியர்வைத் தடம் அப்படியே இருந்தது. புருஷன் வந்து அதன்மேல் தன் கையை வைத்தான்.

"கவரை எரிச்சுட்டேன்," என்றாள் அக்கா. அந்த நேரத்திலும் அவள் குரலில் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது.

தங்கை அவசரத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

"ஒரு வெள்ளைத்தாள் கொடும்மா. ரிப்போர்ட்டை எழுதினவ நான்தானே. எனக்கு அது மறக்கலை."