சுணைக்குது என்று சொல்லாதே

மேற்பார்வையாளரான அவள் குடித்த தண்ணீர் தொண்டைக்குள் சலசலத்தது. காய்ந்த புல்லின்மேல் தூறல் விழுவது போல.

கண்ணாடி இழைப் பஞ்சை உருளைகளில் பாயாகத் திரட்டும் அந்தப் பட்டறையில் சன்னல்கள் அடைபட்டிருந்தன. விளக்கொளியில் தூசு மினுங்க, சுட்ட பசையின் நெடி மூக்கை அடைக்க, உருளைகள் ஓயாமல் உறுமின. அவற்றை நிறுத்தும் அதிகாரம் அங்கே ஒரு சொல்லுக்கு மட்டுமே இருந்தது. ‘அரிக்குது’ என்றால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். அரிப்பு தோலோடு போகும். ‘சுணைக்குது’ என்றால், கண்ணுக்குத் தெரியாத மயிர்முள் சதைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். இயந்திரம் நிற்க வேண்டும், எல்லோரும் குளிக்க வேண்டும். உழைப்பவள் உடலைக் காக்க, உழைப்பவளே போராடிப் பெற்ற சொல் அது. மேற்பார்வையாளர் பதவி கிடைத்த நாள் முதல் அந்தச் சொல்லைத்தான் அவள் நெரித்துவந்தாள்.

சென்ற வாரம், இயந்திரத்தை நிறுத்தும் விசையருகே நிற்கும் சொந்தத் தங்கையே கெஞ்சினாள்.

“தொண்டையில சுணைக்குதுக்கா.”

“அரிப்புடி அது. மகாராணிக்குப் பன்னீர்ல குளிக்கணுமோ? தொடைச்சிட்டு நில்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் தங்கை வாய் திறக்கவில்லை. இன்று காலையிலிருந்து யாருமே ஒரு சொல் பேசவில்லை.

இப்போது மேற்பார்வையாளரின் அடிநாக்கில் ஏதோ சிலிர்த்தெழுந்தது. விழுங்கினாள், உள்ளே ஏறியது. இருமினாள், இன்னும் ஏறியது.

“ஏய், எனக்குச் சுணைக்குதுடி. மெஷினை நிறுத்து.”

முதுகைக் காட்டி நின்ற தங்கை, எதையோ பல்லில் கவ்வியவள்போல் குழறினாள்.

“அரிப்புக்கா அது. தொடைச்சிட்டு நில்லு.”

மேற்பார்வையாளர் விசையை நோக்கி ஓடினாள். வழியில் உருளைக்குப் பஞ்சு ஊட்டும் தொட்டி. காலி. காலையிலிருந்தே காலி. ஆனாலும் உருளை சுற்றியது. பாய் நீண்டது.

அப்போதுதான் பார்த்தாள்.

வரிசையாய்ப் பெண்கள். திறந்த வாய்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளை இழை. விறைப்பாக. உருளைவரை.

தங்கையின் வாயிலிருந்தும். அவள் கை விசையின்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

மேற்பார்வையாளர் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அவற்றின் நடுவே ஒரு நுனி மெல்ல வெளிவந்து, காற்றே இல்லாத அந்த அறையில் தலையசைத்து, உருளை இருந்த பக்கம் திரும்பியது.